ஒரே வகுப்பில் நான்கு வாகைகள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு எந்த உள்ளொளியாலும் வரவில்லை. ஒரு மழலையர் பள்ளியில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க நான் உட்கார்ந்திருந்தபோது வந்தது. அன்று பெற்றோர் கூட்டம். நான் யாருக்கும் பெற்றோர் இல்லை, வெறும் தாய்மாமன். அக்காவுக்கு வேலை இருந்ததால் அத்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"மாப்ள, பேர் வச்சது நீ. வந்து நீயே பேசு."

அன்று பேச வேண்டியவை இரண்டு. மிஸ் அவற்றைக் கரும்பலகையில் அழகாக எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார். முதலாவது: வாகை. இரண்டாவது: மரம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

'வாகை என்பது வெறும் பெயரல்ல, அது ஒரு—'

(நிறுத்திவிட்டேன். இது என் நடை இல்லை, அத்தானின் நடை. அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சி அதிகாரி. முகவர்களை உசுப்பேற்றி வெயிலில் அனுப்புவதுதான் தொழில். அவர் வாயில் எதுவுமே 'வெறும்' ஆக இருக்காது.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

'ஒரு குழந்தைக்குத் தாவரத்தின் பெயரைச் சூட்டும்போது நாம் இயற்கையை நோக்கி ஓர் அடி—'

(எந்த அடி? இதை நான் ஏழாவது மாடியில், சன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு எழுதினேன். மேசையில் ஒரு செடி இருக்கிறது. பிளாஸ்டிக். மாதம் ஒருமுறை தூசி தட்டுவேன்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தாள்.

"டேய், எழுத்தாளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறியே, ஒரு பேர் சொல்லு பார்ப்போம்."

"எப்படிப்பட்ட பேர்க்கா?"

"தமிழா இருக்கணும். பூவோ மரமோ செடியோ வரணும். சின்னதா இருக்கணும். பெரிய அர்த்தம் இருக்கணும். வேற எவனும் வச்சிருக்கக் கூடாது. இதெல்லாம் உங்க அத்தான் சொன்னது."

"பையனா பொண்ணான்னே தெரியாதே?"

"ரெண்டுக்கும் ஆகணும். அதையும் சேர்த்துக்கோ."

அகராதியை எடுத்தேன். தாமரை, முல்லை, மல்லிகை எல்லாம் நிரம்பி வழியும் பேருந்துகள்; படியில் கூட இடமில்லை. எருக்கு என்று வைக்க மனம் வரவில்லை. பிரண்டை காதுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வளர்ந்ததும் பிள்ளை என்னைத் தேடி வந்து அடிக்கும். கடைசியில் கிடைத்தது வாகை. இரண்டே எழுத்து. வெற்றி பெற்றவர்கள் சூடிய பூ. வெற்றி என்றே பொருள். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.*

* அகராதி அதன் முன்னால் 'ஒரு மரம்' என்றும் போட்டிருந்தது. அதற்கு மேல் அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

3.

பெண் பிறந்தாள். அத்தான் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பில் ஒரு குரல் செய்தி பதிவு செய்தார். கேட்டு முடிக்க ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வேண்டும். வாகை என்றால் வெற்றி, வாகை என்றால் வீரம், வாகை என்றால் விடாமுயற்சி என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இது ரொம்ப அபூர்வமான பேர். எங்க குழந்தைக்குன்னு தேடித் தேடி எடுத்தது. அதனால தயவுசெஞ்சு இதை வேற யாருக்கும் அனுப்ப வேணாம்."

இதைச் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினார். அலுவலகக் குழுவுக்கும் குடியிருப்புக் குழுவுக்கும் அனுப்பினார். அக்கா கர்ப்பமாக இருந்தபோது உடற்பயிற்சிக்குப் போன வகுப்பின் குழுவுக்கும் அனுப்பினார். கடைசிக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் பெயர் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

(ஒரு செய்தி ஊர் சுற்ற வேண்டுமா? 'யாருக்கும் அனுப்பாதீர்கள்' என்று சேர்த்தால் போதும். காப்பீட்டுத் துறைக்கு இது தெரியாமல் போனது ஆச்சரியம்.)

விளைவு, இப்போது இந்தப் பள்ளியின் ஒரே வகுப்பில் நான்கு வாகைகள். என் மருமகள் ஒருத்தி. பல் டாக்டரின் மகன் ஒருவன். அவனுக்கு முன்பல் இரண்டும் சொத்தை என்பதை வைத்து அவர் தொழிலை எடைபோடக் கூடாது. ரொட்டிக்கடைக்காரரின் மகள் ஒருத்தி. பக்கத்தில் வந்தாலே வெண்ணெய் வாசனை அடிக்கும். பஸ் ஓட்டும் அம்மாவின் மகன் ஒருவன். யார் எங்கே நின்றாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பான்.

4.

கூட்டத்துக்கு வருவோம். மிஸ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"வாகைன்னு கூப்பிட்டா நாலு பேரும் ஓடி வருதுங்க. சுவர்ல கிறுக்குனது யாருன்னு கேட்டா வாகைன்னு சொல்றாங்க. எந்த வாகைன்னா நாலும் கையைக் காட்டுது, பக்கத்து வாகையை. போன வாரம் வாகை கீழ விழுந்துடுச்சுன்னு பேரண்ட்ஸ் குரூப்புல ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். நாலு வீட்லேர்ந்தும் ஆட்டோ பிடிச்சு வந்து நிக்கிறீங்க. விழுந்தது யாருன்னு பார்த்தா, எந்திரிச்சு விளையாடிட்டு இருக்கான்."

அதனால் எண் போட்டுக் கூப்பிடலாம் என்றார். வாகை ஒன்று, வாகை இரண்டு, வாகை மூன்று, வாகை நான்கு.

நான்கு வீட்டுப் பெற்றோரும் ஒரே நேரத்தில் "எங்களுக்கு ஒண்ணு" என்றார்கள்.

"வெற்றின்னு பேர் வச்சுட்டு ரெண்டாவதுன்னு கூப்பிடுவாங்களா?" என்றார் பல் டாக்டர்.

"நாங்கதாங்க முதல்ல வச்சது" என்று அத்தான் எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு எழுந்தது. அவர் அதை இடுப்பிலிருந்து கழற்றிவிட்டுத் தொடர்ந்தார். "என் வாய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டுத்தான் நீங்கல்லாம் வச்சீங்க. யாருக்கும் அனுப்ப வேணாம்னு தெளிவா சொல்லியிருந்தேன்."

"அனுப்ப வேணாம்னுதான் சொன்னீங்க, சார். வைக்க வேணாம்னு சொல்லலையே" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அத்தான் குட்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பயிற்சி அதிகாரியாக அவர் ஆயுளில் பேச்சின் நடுவே உட்கார்ந்தது அது முதல் முறையாக இருக்கலாம்.

அவரவர் குழந்தையின் பெயருக்கு அவரவர் சொன்ன பொருளையும் குறித்துக்கொண்டேன். பல் டாக்டருக்கு அது வெற்றியிலும் பணிவு. ரொட்டிக்கடைக்காரருக்குப் பட்டுப் போன்ற மென்மை. பஸ் ஓட்டும் அம்மா, "அர்த்தம்லாம் தெரியலங்க. யாரோ அனுப்புனாங்க, நல்லாருந்துச்சு, வச்சோம்" என்றார். அத்தான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

முதல் விஷயம் முடிவாகவில்லை. இரண்டாவதற்குத் தாவினார்கள்.

பள்ளி முற்றத்தில் பெயர் தெரியாத ஒரு மரம் நின்றது. (இந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன். காரணம் பிறகு.) இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்க வைக்கோல் நிறத்தில் தட்டைத் தட்டையாகக் காய்கள். காற்று லேசாக அசைந்தாலும் போதும், காய்களுக்குள் விதைகள் ஆடி, மரம் முழுக்கச் சலசலவென்று பேச ஆரம்பித்துவிடும். பகல் முழுக்க ஓயாது.

"சரியான இரைச்சல்" என்றார் பல் டாக்டர், எழுந்துபோய்க் கண்ணாடிச் சன்னலைச் சாத்தியபடி.

"கார் மேலயெல்லாம் குப்பை" என்றார் அத்தான். "வெட்டிட்டா வண்டி நிறுத்த எடமாவது கிடைக்கும்."

"வெயில் காலத்துல நிழலும் இல்ல" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"வெளிய நீட்டுற கிளை பஸ்ஸத் திருப்பறதுக்கும் எடைஞ்சல்தான்" என்றார் பஸ் ஓட்டும் அம்மா.

நான்கு வாகைகளின் பெற்றோரும் அன்று கருத்து ஒன்றுபட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். வரும் சனிக்கிழமை காலை மரத்தை வெட்டுவது என்று ஒரே மனதாக முடிவானது. நானும் கை தூக்கினேன். காரில்லை எனக்கு. எல்லாரும் தூக்கினார்கள், தூக்கினேன்.

சன்னலுக்கு வெளியே, அந்த மரத்தடியில், நான்கு வாகைகளும் ஆளுக்கொரு காயைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

5.

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தான். அவரைக் கொஞ்சம் அதிகமாக வரைந்துவிட்டேனோ, இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று வாசகர் கேட்பாரோ என்று தோன்றியது. என் மனைவியிடம் இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன்.

"குறைச்சு எழுதியிருக்கீங்க" என்றாள். "அந்த அனிச்சம் விஷயத்தையும் போடுங்க."

போடுகிறேன். கூட்டம் முடிந்த அன்று மாலையே அத்தான் அக்காவை உட்காரவைத்து, என் முன்னாலேயே பேசினார். நான்கு பேர் வைத்திருக்கும் பெயருக்கு மதிப்புப் போய்விட்டது. சந்தையில் பெருகிய சரக்கு. வேறு பெயருக்கு மாற வேண்டும். புதுப்பெயரும் அவரே பார்த்துவைத்திருந்தார்: அனிச்சம். மருமகளைக் கூப்பிட்டார்.

"அனிச்சம்! இங்க வாடா செல்லம்."

அவள் சோபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யார் வந்திருக்கிறார்கள் என்று.

"உன்னைத்தாம்மா."

"நான் வாகை."

"இனிமே அனிச்சம். எவ்வளவு மென்மையான பூ தெரியுமா?"

அவள் என்னிடம் வந்தாள். "மாமா, அனிச்சம்னா என்ன?"

"மோந்து பார்த்தாலே வாடிப்போற பூன்னு சொல்வாங்க."

"அய்யே! மூக்கு வச்சாலேவா?"

இதைச் சொன்னவள், அதற்குச் சற்று முன்னால்தான் சோபாவைத் தனியாகத் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய்க் கோட்டை கட்டியிருந்தவள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மருமகள் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு நேராகப் போய் நின்றாள்.

"என் பேரை எடுத்துட்டு யாருக்குக் குடுப்பீங்க?"

"யாருக்கும் இல்லடா."

"கிலுகிலுவை வெட்டிடுவீங்களா?"

கிலுகிலு என்பது பள்ளி மரத்துக்கு அவர்கள் நால்வரும் வைத்த பெயர்.

"அது குப்பை மரம்டா."

"பேரையும் எடுத்துப்பீங்க, கிலுகிலுவையும் எடுத்துப்பீங்க. அப்ப எனக்கு என்னதான் இருக்கும்?"

அத்தான் பயிற்சி வகுப்புகளில் எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருப்பவர். இதற்குத் தொலைக்காட்சியைப் போட்டார். அதன்பிறகு அவள் என்னோடும் பேசவில்லை. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

6.

மனைவி தொடர்ந்து படித்தாள். நான்காம் பகுதியில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

"பெயர் தெரியாத ஒரு மரம்னு இருக்கே?"

"ஆமா. ஒரு மர்மம் இருக்கட்டுமேன்னு."

"மர்மம்லாம் இல்ல. உங்களுக்குத் தெரியல."

"அதேதான், கொஞ்சம் அழகா—"

"செடி கொடிப் பேரைப் பத்திக் கதை எழுதுறீங்க. கதையில மொத்தமே ஒரு மரம்தான் வருது. அதுக்குப் பேர் தெரியாதா? படிக்கிறவங்க சிரிப்பாங்க. போய்க் கேட்டு எழுதுங்க."

வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் மரத்தை வெட்டப் போகிறார்கள். ஒரு வரியைச் சரிசெய்வதற்காக மட்டுமே நான் பள்ளிக்குப் போனேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மரத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. கேட் பூட்டியிருந்தது. மதிலுக்கு மேலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் ஒரு காயைப் பறித்து, கைப்பேசியில் படம் எடுத்தேன். படத்தைக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் கொடுத்தேன். அது கொஞ்சம் சுற்றியது. பிறகு சொன்னது.

நான் நம்பாமல் இன்னொரு படம் எடுத்தேன். கிளையின் பட்டையைப் படம் எடுத்தேன். பழைய இலைக்காம்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். அது சளைக்காமல் அதையே சொன்னது.

வாகை.

தெருவில் தனியாக நின்று அப்படிச் சிரித்தது என் வாழ்க்கையில் அன்றுதான். நாய் ஒன்று குரைத்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது. வெற்றி, வீரம், பணிவு, மென்மை என்று அத்தனை பேரும் பிரசங்கம் செய்த மரம் அத்தனை நாளும் சன்னலுக்கு வெளியே நின்று விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் எழுந்து சன்னலைச் சாத்தினோம்.

(மேலே நான்காம் பகுதியில் அந்த வரியை ஏன் திருத்தாமல் விட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்தத் தப்பு இல்லையென்றால் இந்தக் கதையும் இல்லை, மரமும் இல்லை.)

7.

முடிவு, முதல் மாதிரி (வெள்ளி இரவே எழுதிப் பார்த்தது, அடுத்ததும் அப்படியே):

சனிக்கிழமை காலை. உண்மை தெரிந்ததும் பெற்றோர்கள் கண்ணீர் மல்க மரத்தைக் கட்டியணைத்து—

(நான் அவர்களைச் சந்தித்திருக்கிறேன். கட்டியணைக்க மாட்டார்கள். சட்டை அழுக்காகும்.)

முடிவு, இரண்டாம் மாதிரி:

நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, முற்றத்தில் வெறும் அடிமரமும், மரத்தூளும், அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியும்—

(இதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அவள் என்னோடு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. கதையில் வெட்டினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.)

நடந்தது:

மரம் வெட்டுபவர் கயிறும் ரம்பமுமாக வந்து, நிழலே தராத மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தும் இடத்துக்கு அளவெடுக்க அத்தான் டேப்போடு வந்திருந்தார். மற்ற மூவரும் இருந்தார்கள். மிஸ் நான்கு பிள்ளைகளையும் உள்ளே வைத்திருந்தார், பார்க்க வேண்டாம் என்று. நான் கைப்பேசியை நீட்டினேன்.

அத்தான் பார்த்தார். "உன் போன் சரியில்ல, மாப்ள."

பல் டாக்டர் தன் போனில் படம் எடுத்துப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் தன் போனில் பார்த்தார். பஸ் ஓட்டும் அம்மா எல்லார் போனையும் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பசங்க!" என்று கையைத் தட்டிச் சிரித்தார்.

"இருக்காது" என்றார் அத்தான். "வாகைன்னா அது எவ்வளவு கம்பீரமான மரம்! இது… இது வளவளன்னு பேசுது."

"உங்க பொண்ணும்தான் அத்தான்" என்றேன்.

மேலே காற்று வந்தது. மரம் தலையை ஆட்டிக் கிலுகிலுத்தது.

மரம் வெட்டுபவர் கிளாசைக் கீழே வைத்தார். "சட்டுனு சொல்லுங்கய்யா. வெட்டணுமா, மாலை போடணுமா? இன்னொரு எடத்துக்குப் போகணும்."

பல் டாக்டர் ரம்பத்தைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் செருப்பைப் பார்த்தார். சொந்தக் குழந்தையின் பெயரை ரம்பத்தால் அறுக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. எல்லாரும் கடைசியில் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். தலையில் ஒரு காய் விழும்வரை பார்த்தார். அதை எடுத்து, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிக்கொண்டார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், இந்த மரத்துல ஏதோ ஒண்ணு இருக்குன்னு."

சொல்லவில்லை. ஆனால் யாரும் மறுக்கவில்லை. ஒருவர் நல்ல காரியம் செய்யும்போது கணக்குக் கேட்கக் கூடாது. மரம் வெட்டுபவருக்கு வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மிஸ் கதவைத் திறந்தார். நான்கும் சிதறி வந்து மரத்தை மொய்த்தன. நான் மருமகளின் பக்கத்தில் குந்தி, ரகசியம்போலச் சொன்னேன்:

"இந்த மரத்தோட பேரும் வாகைதான்."

என்னோடு பேசுவதில்லை என்ற விரதம் அவளுக்கு அந்த இடத்தில் மறந்துபோனது. "நிஜமாவா? அப்ப இதுவும் எங்க செட்டா?"

"உங்க செட்டுதான்."

பல் டாக்டரின் வாகைக்குச் சந்தேகம். சொத்தைப் பல் இடுக்கில் காற்றுப் போகக் கேட்டான்: "அப்ப மிஸ் கூப்பிட்டா இது ஏன் வர்றதே இல்ல?"

ரொட்டிக்கடைக்காரரின் வாகை யோசித்தாள். பஸ் ஓட்டும் அம்மாவின் வாகை யோசித்தான். என் மருமகள் மரத்தின்மேல் கையை வைத்து, தெரியாதவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அது எப்பவோ வந்துடுச்சுடா. நம்மதான் லேட்டு."

எண் போடும் யோசனையை மிஸ் அன்றே அழித்துவிட்டார். "இனிமே வாகைன்னு கூப்பிட்டா நாலும் வாங்க. எது வேணுமோ நானே பிடிச்சுக்கறேன்" என்றார். அனிச்சத்தைப் பற்றி அத்தான் அதன்பின் வாய் திறக்கவில்லை. அலுவலகத்தில் இப்போது புதிதாக ஒரு பேச்சு நிகழ்த்துகிறாராம்: நம் வெற்றி நம் சன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது என்று. நல்ல வரவேற்பு என்று கேள்வி.

8.

கதை முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவைத்தபோது அக்கா போன் செய்தாள்.

"டேய், இன்னொரு பேர் வேணும்டா."

"அக்கா! நிஜமாவா?"

"ஆமாண்டா. கத்தாதே, காது வலிக்குது. இந்தத் தடவை அகராதியைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."

போனேன். மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன், பரிசோதனை அதிகாரியாக. பல செடிகளை அவள் நிராகரித்தாள்: ஒன்று கடித்தது, ஒன்று கசந்தது, ஒன்று 'சும்மா நிக்குது'. கடைசியில் ஒரு வேலியோரம் அவள் குந்திவிட்டாள். தொட்டாள், முகர்ந்தாள், ஓர் இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பெயரைச் சொன்னேன். அவள் அதை இரண்டு முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்குமா என்று. பிறகு, "சரி, வரச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெயர்: __________

இல்லை, எழுத மாட்டேன். அத்தானிடமே இன்னும் சொல்லவில்லை. இந்தக் கதை அச்சேறும், நான்கு பேர் படிப்பீர்கள், நால்வருக்கும் வீட்டில் ஒரு குழந்தை வரக் காத்திருக்கும். மிஸ் பாவம்.

அந்தக் கோட்டின்மேல் நீங்களே ஒரு பெயரை எழுதி, கதையை முடித்துக்கொள்ளுங்கள். அர்த்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: எழுதும் முன் எழுந்துபோய் சன்னலைத் திறங்கள், அங்கே நிற்பது என்னவென்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இன்னொன்று. தயவுசெய்து இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்த எல்லாருக்கும் உடனே அனுப்புங்கள். அப்படிச் சொன்னால்தான் ஒருவரும் அனுப்ப மாட்டீர்கள்.